ஜெர்வேஸின் அவசரக் கல்யாணம்

மெல்லர்பி குடும்பத்தில் ஆண் பிறந்தால் சர்ச் மணியை நாள் முழுக்க அடிப்பார்கள். பெண் பிறந்தால் ஐந்து நிமிஷம். உர்சுலா பிறந்த அன்று அந்த ஐந்து நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷம் கயிறு அறுந்துவிட்டது. திரும்பக் கட்டி அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் கதையை உர்சுலாவே விருந்துகளில் சொல்லிச் சிரிக்கவைப்பாள். ஐம்பத்தோரு வயது வரை சொல்லியும் சபை சிரிக்காமல் இருந்ததில்லை. மூன்றாவது தடவை சொன்னபோதே அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அவள் அப்பா சர் எவரார்ட் மெல்லர்பி, பத்தாவது பாரனெட். பாரனெட் என்பது ஏதோ போரில் வென்று வாங்கிய பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மன்னருக்குக் கைவறட்சி வந்த காலத்தில் கடை பரப்பி விற்ற பட்டம் அது. முதலாவது மெல்லர்பி ஆட்டு ரோமம் விற்றவர். வசதி வந்ததும் பெயருக்கு முன்னால் ஒரு 'சர்' வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்குப் பின்னால் முந்நூற்று முப்பது வருஷமாக அப்பனிடமிருந்து மகனுக்கு அந்த 'சர்' இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பட்டம் இறங்கும் வழியில்தான் வீடும் இறங்கும், வீட்டைச் சுற்றியிருக்கும் மூவாயிரம் ஏக்கரும் இறங்கும். பெண்ணுக்கு இறங்காது.

உர்சுலாவுக்குப் பத்து வயது இளைய தம்பி ஒருவன் இருந்தான், பியர்ஸ். பதினோராவது சர் ஆகியிருக்க வேண்டியவன். 1944இல் இத்தாலியில் ஒரு ஆற்றங்கரையில் செத்துப்போனான். தந்தியை வாங்கிப் படித்த சர் எவரார்ட் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பார்க்க வேண்டிய வேலியைப் பார்க்கப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடுத்த மாதமே அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. அன்றிலிருந்து பண்ணையைப் பார்த்தது உர்சுலாதான். குத்தகைக்காரர்களோடு மல்லுக்கட்டியது, போரில் ராணுவம் குடியிருந்து நாசமாக்கிய மேற்கு மாடியைச் செப்பனிட்டது, பாதிக் காட்டை விற்றுக் கூரைக்கு ஈயத்தகடு போட்டது, ராத்தல் கணக்கில் ஆட்டிறைச்சியைத் தானே வெட்டியது எல்லாம் அவள். கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தர் கேட்டார், அது ஈயத்தகடு போட்ட வருஷம். நேரமில்லை.

இப்போது 1958, மார்ச் மாதம். சர் எவரார்டுக்கு எண்பத்து மூன்று. இந்தக் கோடையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த சர் யார்? கவென்ட்ரி ஊரில் கார் விற்கும் டெஸ்மண்ட் மெல்லர்பி. உர்சுலாவுக்கு ஏழு தலைமுறை தள்ளிய பங்காளி. வீட்டுக்கு அதுவரை நாலு தடவை வந்திருப்பான்.

ஐந்தாவது தடவை வந்தபோது கையில் அளவு நாடாவோடு வந்தான்.

"தப்பா நினைக்காதீங்க உர்சுலா. பமீலாதான் ஜன்னல் அளவு கேட்டா. திரைச்சீலைக்குத் துணி இப்பவே சொல்லிவச்சாத்தான் கிடைக்குமாம்."

"தாராளமா அளந்துக்கோங்க டெஸ்மண்ட். ஏணி வேணுமா? அந்தப் பெரிய ஜன்னலுக்கு எட்டாது."

"நீங்க ரொம்பப் பெருந்தன்மை." அவனுக்குக் குத்தல் உறைக்கவில்லை. "உங்களைப் பத்தியும் நாங்க பேசினோம். அந்த வாசல் கேட்டுகிட்ட இருக்கற சின்ன வீடு... அங்கேயே நீங்க ஆயுசுக்கும் இருக்கலாம். வாடகையே வேணாம்."

"அங்க கேட் திறந்துவிடற டிரான்டர் இருக்கானே?"

"அவன் கிழவன்தானே? எத்தனை நாளைக்கு? அப்புறம் கேட்டையும் நீங்களே..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினான். "பமீலா இப்பவே 'லேடி மெல்லர்பி'ன்னு கையெழுத்துப் போட்டுப் பழகறா தெரியுமா? சின்னப் பிள்ளையாட்டம்!"

கெட்டவன் இல்லை டெஸ்மண்ட். கெட்டவனாக இருந்திருந்தால் உர்சுலாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பட்டம் கைக்கு வரவேண்டுமானால் ஒரு சடங்கு உண்டு. நான்தான் வாரிசு என்று பிறப்பு, கல்யாணப் பதிவுகளை அடுக்கி லண்டனில் கொடுத்து, பாரனெட்டுகளின் பட்டியலில் பெயரை ஏற்றவேண்டும். குடும்ப வரலாறு தெரிந்த ஒருவர், இது சரி என்று சத்தியக் கையெழுத்தும் போட வேண்டும். அந்த ஒருவர் உர்சுலா. பத்தொன்பது வயதில் அப்பா கொடுத்த துண்டுக் காகிதங்களைப் பார்த்துக் குடும்பத்தின் முழு வம்சாவளியையும் ஒரு பச்சைத் தோல் புத்தகத்தில் எழுதியவள் அவள். கடைசிப் பக்கத்தில் 'எழுதியது உ. மெ.' என்று போடச்சொன்னவரும் அப்பாதான். அன்றைக்கு அவள் பெருமையில் தரையில் நடக்கவில்லை.

"நான் கண்ணை மூடின பிறகு அலையவேணாம்" என்றார் சர் எவரார்ட் படுக்கையிலிருந்து. ஒரு பக்க வாயால்தான் பேசுவார். ஆனாலும் அதிகாரம் குறையாது. "காகிதமெல்லாம் இப்பவே சேர்த்துடு. ஜெர்வேஸோட கல்யாணப் பதிவும், தாமஸோட ஞானஸ்நானப் பதிவும் ஆல்டர்சைக் சர்ச்ல இருக்கு. பாதிரியாருக்குக் கடுதாசி போடு. நகல் எழுதி அனுப்புவார்."

"நேர்லயே போய் வாங்கிட்டு வந்துடறேனே அப்பா. பன்னிரண்டு மைல்தானே."

"கடுதாசி போதும்னு சொன்னேன்."

ஜெர்வேஸ் என்பவர் மூன்றாவது பாரனெட்டின் தம்பி, ராணுவத்தில் கேப்டன். டெஸ்மண்டின் கிளை அவரிடமிருந்து முளைத்தது. மெல்லர்பி குடும்பத்தில் ஜெர்வேஸ் ஒரு வேடிக்கை. 1731 பிப்ரவரியில் கல்யாணம், 1731 ஜூனில் மகன் தாமஸ். நாலே மாதம்! கிறிஸ்துமஸ் விருந்தில் யாராவது சூப்பை வேகமாகக் குடித்தால் "என்ன, ஜெர்வேஸ் மாதிரி அவசரம்?" என்பார்கள். மணப்பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சர்ச்சுக்குள் நுழைந்ததை பியர்ஸ் நடித்துக் காட்டுவான், கோட்டுக்குள் தலையணை வைத்து. கல்யாணத்துக்கு அப்புறம் எப்போது பிறந்தாலும் சட்டப்படி பிள்ளைதான்; ஆகவே சிரிப்பதோடு சரி. கல்யாணத்துக்கு முன்னால் பிறந்திருந்தால்தான் வம்பு. அப்படிப் பிறந்தவனுக்கும் அவன் சந்ததிக்கும் பட்டம் கிடையாது, பின்னால் அப்பன் அம்மா ஆயிரம் தடவை கல்யாணம் செய்துகொண்டாலும்.

உர்சுலா கடுதாசி போடவில்லை. ஆல்டர்சைக்கில் ஒரு குத்தகைக்காரனின் கொட்டகை சரிந்திருந்தது. லேடி டே அன்று அவன் குத்தகையைப் புதுப்பிக்கவேண்டும், அதற்குள் பார்த்தாக வேண்டும். மார்ச் இருபத்தைந்துதான் லேடி டே. குத்தகை முடிவதும் தொடங்குவதும், குடி வருவதும் போவதும் எல்லாம் இந்த நாட்டுப்புறத்தில் அன்றைக்குத்தான். கொட்டகையைப் பார்த்த கையோடு சேற்று பூட்ஸுடன் சர்ச்சுக்குப் போனாள்.

பாதிரியார் மிஸ்டர் லம்லி அரைக்குருடர். இரும்புப் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீங்களே பார்த்து எழுதிடுங்க மிஸ் மெல்லர்பி. கீழே நான் கையெழுத்துப் போடறேன். எனக்கு இப்பல்லாம் பசுவும் பாதிரியும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்.

ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் ஒரே புத்தகத்தில், நடந்த வரிசையில் எழுதியிருந்தது. உர்சுலா 1731 என்ற தலைப்பைக் கண்டுபிடித்தாள். முதலில் ஒரு சாவு, மார்ச் கடைசியில். அப்புறம் ஏப்ரல், மே. ஜூன் பதினாலு: தாமஸ், கேப்டன் மெல்லர்பியின் மகன். அதை எழுதிக்கொண்டாள். பிப்ரவரியைத் தேடிப் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். அங்கே இருந்தது 1730. மறுபடி முன்னால் வந்தாள். ஜூலை, அறுவடை மாதங்கள், டிசம்பர். அடுத்து ஜனவரி 1731. அதற்குக் கீழே பிப்ரவரி பத்து, 1731: கேப்டன் ஜெர்வேஸ் மெல்லர்பிக்கும் ஆன் ஸ்டப்ஸுக்கும் கல்யாணம். அதற்கும் கீழே ஒரு கோடு கிழித்து, மார்ச் இருபத்தைந்து என்று போட்டு, பெரிய எழுத்தில் 1732.

அவள் பூட்ஸிலிருந்து சேறு காய்ந்து தரையில் உதிர்ந்தது.

அந்தக் காலத்தில் வருஷம் ஜனவரியில் பிறக்கவில்லை. லேடி டே அன்றுதான் பிறந்தது. 1752இல்தான் புத்தாண்டை ஜனவரிக்கு மாற்றினார்கள். ஆகவே 1731இன் ஜூன் முதலில் வந்தது, 1731இன் பிப்ரவரி எட்டு மாதம் கழித்து வந்தது. தாமஸுக்கு ஞானஸ்நானம் ஆகி, தவழ்ந்து, பல் முளைத்த பிறகுதான் அவன் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஜெர்வேஸ் அவசரப்படவே இல்லை. நிதானமாக, அநியாயத்துக்கு நிதானமாக இருந்திருக்கிறார்.

பதினாலு வருஷமாக லேடி டே, லேடி டே என்று கையொடியக் குத்தகைச் சீட்டு எழுதியவள் உர்சுலா. அது பழைய வருஷப் பிறப்பு என்பதும் அவளுக்குத் தெரியும். இது தெரிந்தும் அந்த இரண்டு தேதிகளை அவள் ஒரு தடவைகூடச் சேர்த்து யோசித்ததில்லை. விருந்தில் சிரித்துச் சிரித்தே யோசிக்க மறந்துவிட்டாள்.

"கிடைச்சுதா?" என்றார் லம்லி.

"கிடைச்சுது" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருப்பவில்லை. டெஸ்மண்ட் வாரிசு இல்லை. அவன் அப்பனும் தாத்தனும் வாரிசு இல்லை. வேறு ஆண் மெல்லர்பியும் இல்லை. கொள்ளுத்தாத்தா எழுதிய சொத்துப் பத்திரத்தை அவள் மனப்பாடமாகப் படித்திருக்கிறாள்: சட்டபூர்வமான ஆண் வழி அற்றுப்போனால், கடைசி பாரனெட்டின் மகளுக்கு. அவள்தான் அந்த மகள். வீடு அவளுடையது. அந்த ஈயத்தகடு, அந்தப் பெரிய ஜன்னல், இன்று காலை பிரசவம் பார்த்து அவள் கையால் வெளியே இழுத்த ஆட்டுக்குட்டி, எல்லாம். அவள் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதாள். சந்தோஷத்தில்தான். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குப் பழக்கமில்லை.

அடுத்த மூன்று நாளும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாடினாள். அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வருத்தம் இருக்கும், பட்டம் நின்றுபோகிறதே என்று. ஆனால் கார் விற்கிறவனுக்குப் போகாமல் வீடு, பெற்ற மகளிடமே தங்குகிறதே என்று உள்ளூர ஒரு நிம்மதியும் வராமலா போகும்? வரும் என்று நம்பினாள். அந்த வயதிலும் அப்படி நம்பினாள் என்பதுதான் கொடுமை.

லேடி டே அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் குடும்ப வக்கீல் பாப்ஜாய் காகிதங்களை வாங்க வருவதாக இருந்தது. டெஸ்மண்டும் வந்து கீழே உட்கார்ந்திருந்தான். இரண்டரைக்கு உர்சுலா பச்சைப் புத்தகத்தையும் நகல்களையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். டிரான்டரின் மனைவி அப்போதுதான் அவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் உர்சுலா, இன்னிக்கு ரெண்டு கரண்டிக்கு மேல இறங்கல. என்னை வேற திட்டறாரு."

"நீ போ, நான் பார்த்துக்கறேன்."

கதவு சாத்தியதும் உர்சுலா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, நான் ஆல்டர்சைக் போனேன். நேர்ல. புத்தகத்தைப் பார்த்தேன்."

சர் எவரார்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

"ஜூன் முன்னாடி, பிப்ரவரி பின்னாடி அப்பா. அப்ப வருஷம் லேடி டேல பிறந்தது. தாமஸ் பிறந்தப்ப அவங்களுக்குக் கல்யாணமே ஆகல. டெஸ்மண்டுக்குப் பட்டம் போகாது. யாருக்குமே போகாது. அதனால... அதனால வீடு எனக்கு வருது."

சர் எவரார்ட் கஞ்சி இறங்காத தொண்டையில் எச்சிலை விழுங்கினார்.

"கடுதாசி போடுன்னு சொன்னேன்ல" என்றார்.

உர்சுலாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் இருபத்தொண்ணாவது பிறந்தநாள் அன்னிக்கு எங்கப்பா சொன்னார். அவருக்கு அவங்கப்பா சொன்னார். வாரிசுக்கு மட்டும் சொல்றது. மாற்றுக்கிளை ஒண்ணு வேணுமில்ல? நம்ம கிளை பட்டுப்போனா யார் இருக்கா? பேர் நிக்கணும் உர்சுலா."

"எனக்கு அந்தத் துண்டுக் காகிதத்தைக் குடுத்தீங்களே, பத்தொன்பது வயசுல..."

"ஒரு பொண்ணு கையெழுத்துல இருந்தா யாரும் ரெண்டாம் தடவை பார்க்கமாட்டாங்க. அப்படியே பார்த்தாலும், பாவம் சின்னப்பொண்ணு, தப்பா எழுதிட்டான்னு போயிடும்." அவர் குரலில் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை. மாட்டுக்கு எந்தப் புல் நல்லது என்று சொல்லும் குரல்தான். "நல்லாத்தான் எழுதியிருந்த. அழகான கையெழுத்து."

"அதனால என்ன?" உர்சுலாவின் குரல் உயர்ந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன? பத்திரம் இருக்கு. ஆண் வழி அத்துப்போனா மகளுக்குன்னு உங்க தாத்தா எழுதியிருக்கார்!"

"அது பழைய பத்திரம்மா. பியர்ஸுக்கு இருபத்தொண்ணு ஆன அன்னிக்கு அவனும் நானும் மாத்தி எழுதிட்டோம். பாப்ஜாய் பெட்டில இருக்கு. பியர்ஸுக்கு அப்புறம் டெஸ்மண்டுக்கு. வாரிசுன்னு போடல, பேர் போட்டு எழுதியிருக்கு. அவன் எப்படிப் பிறந்த வம்சமா இருந்தாலும் வீடு அவனுக்குத்தான்."

அந்தப் பிறந்தநாள் உர்சுலாவுக்கு நன்றாக நினைவிருந்தது. குத்தகைக்காரர்களுக்குப் பீர், புல்வெளியில் பெரிய தீ, வாத்தியக்காரர்கள். அப்பாவும் பியர்ஸும் நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார்கள். வெளியே வந்த பியர்ஸ் ஊர்ப் பெண்களையெல்லாம் விட்டுவிட்டு முதல் நடனத்துக்கு அக்காவைத்தான் அழைத்தான். ஆடும்போது அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. இருபது வருஷமாக அதைத் தம்பியின் பாசம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதற்கப்புறம் எந்தக் கிறிஸ்துமஸிலும் அவன் தலையணை வைத்து நடிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"பியர்ஸ் எதுவும் சொல்லலியா?"

"அக்காவுக்கு என்னன்னு கேட்டான். அவ கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவான்னு சொன்னேன்."

"நான் போகலியே அப்பா. இங்கதானே இருந்தேன். பதினாலு வருஷம். நான் என்ன குறை வச்சேன்?"

"குறை ஒண்ணுமில்ல. ஒரு நல்ல மேனேஜர்கூட இவ்வளவு பார்த்திருக்கமாட்டான்." அவர் உண்மையாகவே பாராட்டினார். நல்ல பக்கத்துக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார். "இப்ப அந்தச் சத்தியத்துல கையெழுத்து மட்டும் போட்டுடு. தேதி ரெண்டும் பொய்யில்லையே? 1731, 1731. உள்ளதைத்தானே எழுதியிருக்கு. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல."

உர்சுலா கையை இழுத்துக்கொண்டாள். அறையே வெறுப்பாக இருந்தது, மருந்து வாடையும், சுவரில் தொங்கும் ஒன்பது சர்களும், அத்தனை பேருக்கும் ஒட்டவைத்தாற்போல ஒரே மூக்கும். அந்த மூக்கு அவளுக்கும் இருந்தது. அதை மட்டும் தடையில்லாமல் கொடுத்திருந்தார்கள்.

எழுந்து ஜன்னலோர மேஜைக்குப் போனாள். அப்பாவின் மைக்கூடும் பேனாவும் அங்கே இருந்தன. பச்சைப் புத்தகத்தைப் பிரித்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் வட்டவட்டமான எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். 'ஜெர்வேஸ், கேப்டன். மணம்: பிப்ரவரி 10, 1731.'

பேனா காகிதத்தில் கீறுவது அவருக்குக் கேட்டது.

"என்ன எழுதறே?"

"ஒரு தப்பைத் திருத்தறேன். என் கையெழுத்துல இருக்கற தப்பு."

"உர்சுலா."

"பழைய கணக்குல 1731, இப்பத்திக் கணக்குல 1732. அந்தக் காலத்துல ஒழுங்கா எழுதினவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதுவாங்க. ஒரு சாய்கோடு, பக்கத்துல ஒரு ரெண்டு. அவ்வளவுதான்." புத்தகத்தை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். மை இன்னும் காயவில்லை. 'பிப்ரவரி 10, 1731/2.' அதற்குக் கீழே தாமஸின் ஜூன், 1731. "இதுக்கு நான் சத்தியம் பண்றேன். லண்டன்ல படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருப்பான்."

"உனக்கு இதனால ஒண்ணும் கிடைக்காது!"

"தெரியும்."

"வீடு அவனுக்குத்தான் போகும்!"

"போகட்டும். மிஸ்டர் மெல்லர்பி நல்லா இருக்கட்டும். நான் கேட்டைத் திறந்துவிடறேன். நீங்கதான் கடைசி சர், அப்பா."

அவர் வாயின் நல்ல பக்கம் கோணியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரமாகத் தலையணையில் இறங்கியது. மகன் செத்த தந்தியை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலி பார்க்கப் போன மனிதர், ஒரு சாய்கோட்டுக்கும் ஒரு இரண்டுக்கும் விக்கி விக்கி அழுதார்.

உர்சுலா பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை. கைக்குட்டையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். பதினாலு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று.

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி மூன்று. பாப்ஜாய் எப்போதும் நேரம் தவறமாட்டார். அவள் மை காயும்வரை ஊதிவிட்டு, புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். முன்கூடத்தில் டெஸ்மண்ட் அளவு நாடாவைச் சுருட்டியபடி எழுந்து நின்றான்.

"சர் எவரார்ட் எப்படி இருக்கார்?"

"அழறார்" என்றாள் உர்சுலா. "போய்ப் பாருங்க டெஸ்மண்ட். உங்களுக்காகத்தான்."